மலைக்குப் போகிற மோட்டர் ஹோமுக்கு எயார் பிரேக்கும் எக்ஸோஸ்ட் பிரேக்கும்

கொழும்புக்குள் ஓடும்வரை எந்த பிரேக்கும் நல்ல பிரேக்தான். காலி வீதி நெரிசலில் ஊர்ந்துபோகிற வண்டிக்கு பிரேக்கில் என்ன குறை தெரியப்போகிறது? களனிப் பாலத்தைத் தாண்டி, கடுகண்ணாவை ஏறி, நுவரெலியாவில் இரண்டு நாள் தங்கிவிட்டு றம்பொடைப் பக்கமாக இறங்கும்போதுதான் வண்டிக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது முக்கியமாகும்.

நான் கிராண்ட்பாஸில் ஒரு கராஜில் பிரேக் வேலை செய்கிறவன். லொறியும் பஸ்ஸும்தான் பிழைப்பு. கொஞ்சக் காலமாக இன்னொரு வகை வண்டியும் வருகிறது. பழைய லேலண்ட் பஸ்ஸையோ, ரோசா, கோஸ்டர் போன்ற சின்ன ஜப்பான் பஸ்ஸையோ வாங்கி, சீட்டுகளைக் கழற்றிவிட்டு, கட்டில், காஸ் அடுப்பு, தண்ணீர்த் தாங்கி, குளியலறை எல்லாம் பூட்டி வீடாக்கிய வண்டி, அதாவது மோட்டர் ஹோம். உள்ளே மர வேலை பார்த்தால் வாய் பிளக்கலாம். பிரேக்கைப் பற்றிக் கேட்டால் மட்டும், "அது பஸ்ஸில் வந்தபடியே இருக்குது அண்ணன்" என்பார்கள்.

எனக்குப் பயம் அங்கேதான். பஸ் தினமும் ஓடுகிற வண்டி. பிரேக்கில் ஒரு சின்ன வித்தியாசம் என்றாலும் அன்று மாலையே டிரைவர் கராஜுக்கு வந்து சொல்லிவிடுவார். மோட்டர் ஹோம் மாதக்கணக்கில் நிற்கும். அப்புறம் ஒரு நீண்ட விடுமுறைக்கு முழுப் பாரத்தோடு நேரே மலைக்குப் போகும். ஓட்டுகிறவர் மற்ற நாட்களில் சின்னக் கார் ஓட்டுகிறவர். ஆகவே பஸ் டிரைவருக்குக் கால் பழக்கத்தில் தெரிந்ததை நீங்கள் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் உங்கள் வண்டியில் எது இருக்கிறது என்று பாருங்கள்

மூன்றில் ஒன்றாக இருக்கும். லேலண்ட், டாட்டா போன்ற பெரிய பஸ் என்றால் பெரும்பாலும் முழு எயார் பிரேக். கீழே குனிந்து பார்த்தால் இரும்புக் காற்றுத் தாங்கிகள் தெரியும், ஒவ்வொரு சில்லுக்குப் பின்னாலும் பானை வடிவில் ஒரு சேம்பர் இருக்கும், பெடலை மிதித்துவிட்டால் "ப்ஷ்" என்று காற்று வெளியேறும். ஜப்பான் நடுத்தர லொறி, பஸ்களில் பல எயார் ஓவர் ஹைட்ரோலிக்: காற்றுத் தாங்கியும் இருக்கும், பிரேக் ஒயில் போத்தலும் இருக்கும். காற்று ஒயிலைத் தள்ளும், ஒயில் சில்லில் பிரேக்கைப் பிடிக்கும். கோஸ்டர் போன்ற சின்ன வண்டிகளில் பெரும்பாலும் காற்றே கிடையாது. வெக்கியூம் உதவியோடு ஒயில் பிரேக். எஞ்சினின் புகைக்குழாயை மூடி வண்டியை மெதுவாக்குகிற எக்ஸோஸ்ட் பிரேக் இந்த மூன்று வகையிலும் இருக்கலாம். அது தனிச் சமாசாரம், பின்னால் வருகிறேன்.

இதைத் தெரிந்துகொள்ளாமல் இணையத்தில் அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துப் பழகாதீர்கள். அங்கே பெரிய டீசல் மோட்டர் ஹோம்களில் மஞ்சள் பொத்தான் ஒன்றை இழுத்தால் பார்க்கிங் பிரேக் பிடிக்கும், தள்ளினால் விடும். உங்கள் லேலண்டில் அந்த இடத்தில் ஒரு சின்னக் கை வால்வு இருக்கும். கோஸ்டரில் கேபிள் கைப்பிரேக், அதுவும் பல மொடல்களில் சில்லைப் பிடிக்காது, கியர்பெட்டிக்குப் பின்னால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டில் உள்ள ட்ரம்மைப் பிடிக்கும். அது நிறுத்தி வைக்க மட்டும். ஓடும் வண்டியை அதால் நிறுத்தப் போனால் ஷாஃப்டுக்கும் கியர்பெட்டிக்கும் கேடு.

காற்று எப்படிப் பிரேக் பிடிக்கிறது

எஞ்சின் ஓடும்போது கொம்பிரசர் காற்றை அமுக்கித் தாங்கிகளுக்கு அனுப்புகிறது. அழுத்தம் மேல் எல்லைக்கு வந்ததும் கவர்னர் கொம்பிரசரின் வேலையை நிறுத்தும். குறைந்தால் மறுபடி தொடங்க வைக்கும். வண்டிக்கு வண்டி எண் மாறும், பெரும்பாலும் மேல் எல்லை 8 பார் சுற்றி இருக்கும். பழைய மீட்டரில் பிஎஸ்ஐ என்று போட்டிருந்தால் 100 பிஎஸ்ஐ கிட்டத்தட்ட 7 பார்.

பெடலை மிதிக்கும்போது உங்கள் கால் பிரேக்கைப் பிடிப்பதில்லை, ஒரு வால்வைத் திறக்கிறது. மிதிக்கிற அளவுக்கு ஏற்ப, தாங்கியில் உள்ள காற்று சேம்பருக்குப் போய் உள்ளே இருக்கிற ரப்பர் டயப்பிரத்தைத் தள்ளும். டயப்பிரம் புஷ் ரொட்டைத் தள்ளும். ரொட் ஸ்லக் அட்ஜஸ்டர் என்கிற நெம்பைத் திருப்பும், அதோடு சேர்ந்த தண்டின் நுனியில் உள்ள கேம் திரும்பி பிரேக் ஷூவை விரித்து, சில்லோடு சுற்றுகிற ட்ரம்மில் அழுத்தும். ஆகவே மிதிக்கும் ஒவ்வொரு முறையும் தாங்கியிலிருந்து கொஞ்சம் காற்று செலவாகிறது. ஒயில் பிரேக் காரில் பழகியவர்கள் பதற்றத்தில் பெடலைக் குத்திக் குத்தி மிதிப்பார்கள். எயார் பிரேக்கில் அப்படிச் செய்தால், கொம்பிரசர் நிரப்புவதை விட வேகமாக நீங்கள் காற்றைக் காலி செய்கிறீர்கள்.

இன்னொன்று, காற்று குழாய்க்குள் ஓடிச் சேர நேரம் எடுக்கும். கிட்டத்தட்ட அரை விநாடி. 60 கிலோமீட்டர் வேகத்தில் அரை விநாடி என்றால் 8 மீட்டர். கண்டி வீதியில் அந்த 8 மீட்டருக்குள் ஓர் ஆட்டோ தாராளமாக நுழைந்துவிடும். முன்னால் இடைவெளி விடுங்கள். நுழைகிறவர் நுழையட்டும், மறுபடி இடைவெளி விடுங்கள்.

காற்று முழுதும் போய்விட்டால்? அதற்குத்தான் பின் சேம்பர்களில் ஸ்பிரிங் பிரேக். பெரிய சுருள் ஸ்பிரிங் ஒன்று எப்போதும் பிரேக்கைப் பிடிக்கத் தயாராக இருக்கும். காற்றுத்தான் அதை அமுக்கி விடுவித்து வைத்திருக்கிறது. காற்று குறைந்தால் ஸ்பிரிங் தானாகப் பிடிக்கும். பார்க்கிங் பிரேக்கும் அதுவே. ஜோர்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869 இல் ரயிலுக்கு எயார் பிரேக் காப்புரிமை எடுத்தபோது காற்று போனால் பிரேக்கும் போய்விடும் நிலை இருந்தது. சில வருடங்களில் அதைத் தலைகீழாக மாற்றி, குழாய் அறுந்தால் பிரேக் பிடிக்கிற மாதிரி செய்தார். நம் பஸ்ஸில் ஸ்பிரிங் பிரேக் செய்வதும் அதே யோசனைதான். உங்கள் வண்டி மிகப் பழையது என்றால் ஸ்பிரிங் பிரேக் இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள்.

அந்த சேம்பரை மட்டும் நீங்களாகக் கழற்றப் போக வேண்டாம். உள்ளே அமுங்கியிருக்கிற ஸ்பிரிங் வெளியே பாய்ந்தால் ஆளைக் கொல்லும். அதை முதலில் போல்ட் போட்டுப் பூட்டிவிட்டுத்தான் எந்த மெக்கானிக் பாஸும் கை வைப்பார். அப்படிப் பூட்டாத பாஸிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

நின்ற வண்டியின் முதல் எதிரி தண்ணீர்

கொழும்புக் காற்றில் எவ்வளவு ஈரம் என்று நமக்குத் தெரியும். அதைத்தான் கொம்பிரசர் அமுக்குகிறது. அமுங்கிய காற்று தாங்கியில் குளிரும்போது ஈரம் தண்ணீராகி அடியில் தேங்கும். தண்ணீர் சேர்ந்தால் காற்றுக்கு இடம் குறையும், வால்வுகள் துருப்பிடிக்கும். தாங்கியின் அடியில் சின்ன வடிகால் வால்வு இருக்கும். சில வண்டிகளில் வளையத்தோடு ஒரு கம்பி தொங்கும், அதைப் பக்கவாட்டில் இழுத்தால் போதும். எல்லாத் தாங்கியையும் திறந்துவிடுங்கள். கொம்பிரசருக்குப் பக்கத்தில் உள்ள தாங்கியில்தான் அதிகம் வரும்.

வருவதை ஒரு வெள்ளைத் துணியில் பிடித்துப் பாருங்கள். தெளிந்த தண்ணீர் கொஞ்சம் என்றால் சரி. பால் கலந்த மாதிரிச் சாம்பல் நிறத்தில், விரலில் வழுக்கினால் அதில் எஞ்சின் ஒயில் கலந்திருக்கிறது. கொம்பிரசர் ரிங் தேய்ந்திருக்கலாம். ஒயில் போகிற வழியெல்லாம் ரப்பரை ஊத வைக்கும். காற்றின் ஈரத்தை உறிஞ்சுகிற எயார் டிரையர் பூட்டிய வண்டியில் தண்ணீர் வரவே கூடாது. வந்தால் டிரையரின் காட்ரிஜ் முடிந்துவிட்டது, பஞ்சிகாவத்தையில் வாங்கலாம், ஆனால் வண்டி மொடலைச் சொல்லி வாங்குங்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் கொஞ்சம் கோபத்தோடு சொல்கிறேன். பஸ்ஸை வீடாக்குகிற ஓர் இடத்தில், ஷவருக்கு மோட்டர் போடச் சோம்பல்பட்டு, பிரேக் தாங்கியிலிருந்து ஒரு குழாய் எடுத்துத் தண்ணீர்த் தாங்கிக்கு அழுத்தம் கொடுத்திருந்தார்கள். தண்ணீர் நன்றாகத்தான் வந்தது. ஓர் ஆள் குளித்து முடிய எயார் மீட்டர் பாதிக்கு வந்துவிட்டது. ஹோர்ன், கதவு, எயார் சஸ்பென்ஷன் எதுவாக இருந்தாலும், பிரேக் காற்றை எடுப்பதென்றால் இடையில் பாதுகாப்பு வால்வு இருக்க வேண்டும்: பிரேக்குக்குப் போதுமான அழுத்தம் இருந்தால் மட்டும் மற்றதற்குக் காற்றுவிடுகிற வால்வு. ஷவருக்கு எந்த வால்வும் வேண்டாம். பன்னிரண்டு வோல்ட் தண்ணீர் மோட்டர் பூட்டுங்கள்.

புறப்படும் முன் செய்யும் சோதனை

சமதரையில் நிறுத்தி, சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். எஞ்சினை ஓடவிட்டு மீட்டர் மேல் எல்லைக்கு வரட்டும். அங்கே டிரையரோ கவர்னரோ காற்றைத் துப்பும் சத்தம் கேட்கும். எஞ்சினை நிறுத்துங்கள், சாவி ஒன் நிலையில் இருக்கட்டும். பார்க்கிங் பிரேக்கை விடுங்கள். ஒரு நிமிடம் மீட்டரைப் பாருங்கள். அமெரிக்காவில் கனரக வாகன லைசன்ஸ் சோதனைக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள், நானும் அதையே பாவிக்கிறேன்: டிரெய்லர் இல்லாத வண்டியில் நிமிடத்துக்கு 2 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கக் கூடாது. பெடலை முழுதாக மிதித்துப் பிடித்துக்கொண்டு இன்னொரு நிமிடம். இப்போது 3 பிஎஸ்ஐ வரை சரி. கூடினால் எங்கோ கசிவு. உதவிக்கு ஒருவர் இருந்தால் பெடலைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, சவர்க்கார நுரையோடு ஒவ்வொரு இணைப்பாகப் பாருங்கள்.

அப்புறம் பெடலை மிதித்து மிதித்து விடுங்கள், காற்று இறங்கட்டும். 60 பிஎஸ்ஐ, அதாவது 4 பார் அளவில் பஸ்ஸர் அடிக்க வேண்டும், சிவப்பு விளக்கு எரிய வேண்டும். இன்னும் இறக்கினால் 45க்கும் 20க்கும் இடையில் எங்காவது ஸ்பிரிங் பிரேக் தானாகப் பிடிக்க வேண்டும். பஸ்ஸர் அடிக்காத வண்டிகள் எங்களிடம் நிறைய வருகின்றன. சத்தம் தொல்லை என்று யாரோ வயரைக் கழற்றிவிட்டிருப்பார்கள்.

ஸ்லக் அட்ஜஸ்டரையும் பாருங்கள். கட்டை வைத்து, எஞ்சின் நின்று, பார்க்கிங் பிரேக் விட்ட நிலையில் அதைக் கையால் பலமாக இழுத்தால், ஓர் அங்குலத்துக்கு மேல் ஆடினால் இறுக்க வேண்டும். அதற்கு முதல் கட்டையை ஒரு முறை மறுபடி சரிபாருங்கள், நீங்கள் வண்டிக்கு அடியில் இருக்கிறீர்கள். தானியங்கி அட்ஜஸ்டர் என்றால் கையால் இறுக்கிவிட்டு மறந்துவிடாதீர்கள். அது தானாக இறுக்கவில்லை என்றால் உள்ளே வேறு பிழை இருக்கிறது.

ஒயில் பிரேக் வண்டிக்காரருக்கு இதெல்லாம் இல்லை. உங்களுக்குப் பிரேக் ஒயில். அது காற்றில் உள்ள ஈரத்தைக் குடிக்கும். புதிய டொட் 3 ஒயில் 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் குடித்தபின் அந்த எல்லை 140 அளவுக்கு இறங்கும். கொதித்தால் குழாயில் ஆவி, பெடல் அடிவரை போகும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள், வண்டி ஓடியிருந்தாலும் நின்றிருந்தாலும்.

எக்ஸோஸ்ட் பிரேக் செய்யும் வேலை

பெட்ரோல் எஞ்சினில் அக்சிலரேட்டரை விட்டால் காற்று உள்ளே போகும் வழி மூடி, எஞ்சின் வண்டியை இழுத்துப் பிடிக்கும். டீசலில் அந்தத் தட்டு இல்லாததால் பிடி குறைவு. அதை ஈடுகட்டத்தான் புகை வெளியே போகிற குழாயில், டர்போ இருந்தால் அதற்குப் பின்னால், ஒரு தட்டு வைக்கிறார்கள். சுவிட்சைப் போட்டுவிட்டு அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், காற்றாலோ வெக்கியூமாலோ அந்தத் தட்டு மூடும். டீசல் போவது நிற்கும். வெளியே போக வழியில்லாமல் குழாயில் அழுத்தம் ஏறும், பல எஞ்சின்களில் 40 முதல் 60 பிஎஸ்ஐ வரை. புகையை வெளியேற்றப் பிஸ்டன் மேலே வரும் ஒவ்வொரு முறையும் அந்த அழுத்தத்தை எதிர்த்துத் தள்ள வேண்டியிருக்கிறது. அந்தப் பாடு கியர்பெட்டி வழியாகப் பின்சில்லுக்கு வந்து வண்டியை மெதுவாக்குகிறது. ஷூ தேய்வதில்லை, ட்ரம் சூடாவதில்லை.

ஜப்பான் வண்டிகளில் ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள நெம்பில் சுவிட்ச் இருக்கும், போட்டால் டாஷ்போர்டில் விளக்கு எரியும். கிளட்ச் மிதித்தாலும் அக்சிலரேட்டர் தொட்டாலும் தானாக விட்டுவிடும். விடவில்லை என்றால் கிளட்ச் பெடல் சுவிட்சைப் பாருங்கள்.

இதை ஜேக் பிரேக்கோடு குழப்ப வேண்டாம். ஜேக் பிரேக் குழாயை மூடுவதில்லை. அமுக்கிய காற்றை சிலிண்டரின் உச்சியிலேயே திறந்துவிடுகிறது, அதனால்தான் அந்தப் படபடச் சத்தம். கமின்ஸ் எஞ்சின் கம்பனியைத் தொடங்கிய கிளெஸ்ஸி கமின்ஸ் 1931 இல் கலிபோர்னியாவின் கஹோன் கணவாயில் பிரேக் விட்டுப்போன லொறியில் இறங்கி, ரயிலொன்றில் மோதாமல் மயிரிழையில் தப்பினார். அந்தப் பயத்திலிருந்துதான் அந்த யோசனை. 1961 இல்தான் அது விற்பனைக்கு வந்தது.

எக்ஸோஸ்ட் பிரேக்கின் பலம் எஞ்சின் சுற்றும் வேகத்தில் இருக்கிறது. டொப் கியரில் எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது சுவிட்சைப் போட்டுவிட்டு "இது வேலை செய்யவில்லை" என்று வருகிறவர்கள் உண்டு. கியரைக் குறையுங்கள், அப்போது பிடிக்கும். ஆனால் சிவப்புக் கோட்டைத் தாண்ட விடாதீர்கள். இறக்கத்தில் சில்லுதான் எஞ்சினைச் சுற்றுகிறது, எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற கவர்னரால் அதைத் தடுக்க முடியாது. வண்டியை முற்றாக நிறுத்தவும் இதால் முடியாது. மழையில் றோட்டு வழுக்கும்போது பின்சில்லு மட்டும் பிடிபடுவதால் வண்டி பின்னால் அசைவது போல உணர்ந்தால் உடனே சுவிட்சை நிறுத்துங்கள். பழைய வண்டிகளில் இது பிடிக்கும்போது பின்னால் பிரேக் விளக்கு எரியாது. உங்கள் பின்னால் ஒட்டி வருகிற ஆட்டோக்காரருக்காகப் பெடலை லேசாகத் தொட்டுக் காட்டுங்கள்.

மாதக்கணக்கில் நின்ற வண்டியில் அந்தத் தட்டு கரியும் துருவும் பிடித்து இறுகிவிடும். ஒருவர் சுவிட்சைப் போட்டு அக்சிலரேட்டரை விடும்போது இன்னொருவர் கீழே நெம்பு அசைகிறதா என்று பார்த்தால் தெரியும். பாதி மூடி நின்றுவிட்டால் ஏற்றத்தில் வண்டி இழுக்காது, கரும்புகை வரும்.

இறங்கும் விதம்

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர். கம்பளைக்கு வரும்போது 1,300 மீட்டருக்கு மேல் இறங்கியிருப்பீர்கள். பத்துத் தொன் வண்டி அவ்வளவு இறங்கினால் வெளியாகும் சக்தி, நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் 400 லீட்டருக்கு மேல் கொதிக்க வைக்கப் போதும். அதில் ஒரு பங்கைக் காற்றும் டயரும் எடுத்துக்கொள்ளும். மீதி ட்ரம்முக்குப் போகிறதா எஞ்சினுக்குப் போகிறதா என்பதுதான் உங்கள் கையில் இருக்கிறது. ட்ரம் சூடானால் விரியும், ஷூ அதைத் தொட இன்னும் தூரம் போக வேண்டும், புஷ் ரொட்டின் நீளம் முடிந்துவிடும். ஷூவின் மேலுள்ள லைனிங்கும் சூட்டில் பிடியை இழக்கும். மீட்டரில் முழுக் காற்று இருக்கும், பிரேக் மட்டும் இருக்காது.

ஆகவே இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறையுங்கள். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதில் இறங்குவது பழைய விதி. இப்போதைய பலமான எஞ்சின்களுக்கு அதிலும் ஒன்று குறைவாக. எக்ஸோஸ்ட்டைப் போடுங்கள். இந்த இடத்துக்கு 30 சரி என்று முடிவு செய்தால், 30 ஐத் தொட்டதும் ஒரு முறை உறுதியாக மிதித்து 22 அளவுக்குக் கொண்டுவந்து, காலை முற்றாக எடுங்கள். மறுபடி 30 வரட்டும். லேசாக மிதித்தபடியே கீழே வரை வருவதுதான் ட்ரம்மைப் பொசுக்குகிற பழக்கம்.

வெள்ளவத்தையிலிருந்து வந்த ஒரு தம்பி கேட்டார்: "அண்ணன், எக்ஸோஸ்ட் போட்டுக்கொண்டே கால் பிரேக்கும் அடிக்கலாமா? ஒன்றை ஒன்று கெடுக்காதா?"

"அடிக்கத்தான் வேணும் தம்பி. வேகத்தைப் பிடிச்சு வைக்க எக்ஸோஸ்ட், குறைக்க கால் பிரேக்."

"நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்று அப்பா சொல்லுவார்."

அப்பா மட்டுமல்ல, பாதி இலங்கை சொல்லும். கியரில் இருந்தபடி அக்சிலரேட்டரை விட்டு இறங்கும்போது எஞ்சினுக்கு டீசலே போவதில்லை. நியூட்ரலில் விட்டால் ஐட்லிங்குக்கு டீசல் எரிய வேண்டும். மிச்சமும் இல்லை, எஞ்சின் பிடியும் இல்லை, எக்ஸோஸ்ட் பிரேக்கும் செத்தது. ஹட்டன் வழியாக கினிகத்தேனைக்கு இறங்கினாலும் சரி, பெரகலையிலிருந்து கொஸ்லந்தை தாண்டி வெல்லவாயாவுக்கு இறங்கினாலும் சரி, கியரை விட்டு எடுத்த வண்டியை அந்த வளைவுகளில் மறுபடி கியரில் போடுவது நினைப்பது போல லேசில்லை.

லபுக்கலையில் தேநீருக்கு நிறுத்தும்போது வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். கையின் பின்புறத்தைச் சில்லுக்குக் கிட்டக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒரு சில்லு மட்டும் மற்றதைவிட அதிகம் சுட்டால் அது உரசிக்கொண்டே வருகிறது; ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது பிடிக்கவே இல்லை. எரிந்த லைனிங் மணம் வந்தால் அரை மணிநேரமாவது நில்லுங்கள். வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ட்ரம்மில் ஊற்ற ஓடிவருகிற நல்ல மனிதர் கட்டாயம் ஒருவர் இருப்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள், ட்ரம் வெடிக்கும். சூடாக இருக்கும்போது முடிந்தால் பார்க்கிங் பிரேக்கையும் போட்டு இறுக்க வேண்டாம். சமதரையில், முதல் கியரில் எஞ்சினை நிறுத்தி, நல்ல கனமான கட்டை இரண்டைச் சில்லுக்கு வைத்துவிடுங்கள். ஆறியபின் பார்க்கிங் பிரேக்கைப் போட்டுக்கொள்ளலாம்.